கட்டை விரலும் கஃபே ரேஸரும்

காரைக்குடித் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிளைத் திருப்ப முடியாமல் போனால் என்ன செய்யலாம்? ஒரு வழி இருக்கிறது. பெரிய வீடு ஒன்றின் முகப்பில் ஏற்றி, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வழியாக இறங்கினால் அடுத்த தெரு வந்துவிடும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடிகிறவை. வண்டியைத் திருப்பும் வேலையே இல்லை. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அரிய யோசனை எனக்கு உதித்த நேரத்தில், என் வலது கை கட்டை விரல் பெட்ரோல் டாங்குக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "என்ன தம்பி, வீட்டுக்குள்ளேயா வர்றீக?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் அத்தான் 2006-ல் ஒரு க்ரூஸர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். (கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.) க்ரூஸர் என்றால் சக்கரம் வைத்த ஈஸிசேர். காலை முன்னால் நீட்டி, கையை அகல விரித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவர் செக்காலை ரோட்டில் போனால் சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். பின்னால் அக்கா. கொப்புடையம்மன் கோயிலா, பிள்ளையார்பட்டியா, கல்யாண வீடா... எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் தவறிவிட்டார். வண்டி பின்கட்டில் படுதா போர்த்திக்கொண்டு நின்றது.

அக்கா மகனுக்கு இருபத்து மூன்று வயசு. திருச்சியில் வேலை. "அப்பா வண்டியை நான் ஓட்டறேம்மா" என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்று தலையாட்டினாள். பையன் நேரே ஒரு வெளியூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான். மூன்று மாசம், அறுபதாயிரம் ரூபாய். திரும்பி வந்தது க்ரூஸர் இல்லை, 'கஃபே ரேஸர்'!

அகல ஹேண்டில்பார் போய், போர்க் குழாயோடு ஒட்டிய இரண்டு குட்டைக் கைப்பிடிகள். கறுப்பு பெயின்ட். நீள சீட்டுக்குப் பதில் ஓர் ஆள் உட்காரும் பலகை. அதன் பின்னால் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்த மாதிரி ஒரு திமில்.

அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள். "பட்டினி போட்டு இளைக்க வச்சிருக்கானுகளா?" என்றாள். அப்புறம் மெதுவாக, "நான் எங்கேடா உக்கார்றது?" என்று கேட்டாள்.

பையனிடம் பதில் இல்லை.

* * *

மாமன் என்ற முறையில் வண்டியைப் பரிசோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பரிசோதனையில்தான் கட்டை விரல்.

நடந்தது இதுதான். தெருவில் வலது பக்கமாக 'யு' அடித்தேன். கைப்பிடி தாழ்ந்து இருப்பதால், முழுக்க ஒடித்ததும் டாங்க்கில் போய் இடித்தது. நடுவில் என் விரல். பழைய உயரமான ஹேண்டில்பாருக்காகப் போட்ட ஆக்ஸிலேட்டர் கேபிளைப் புது இடத்தில் எப்படியோ சுற்றி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஹேண்டில் திரும்ப, கேபிள் இறுகி, நான் முறுக்காமலே எஞ்சின் 'உர்ர்' என்று எகிறியது. ஆச்சியின் புண்ணியத்தில் பிரேக் நினைவுக்கு வந்தது. வண்டி அணைந்தது.

"மாப்ளே, இதை எப்படிடா திருச்சி வரைக்கும் ஓட்டறே?" என்றேன்.

பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மாமா, அம்மாகிட்டே சொல்லிடாதீக. போன வாரம் திருமயம் தாண்டி எண்பதுல வந்தேன். ஹேண்டில் தானா இடமும் வலமும் உதற ஆரம்பிச்சிருச்சு. எதிரே லாரி. எப்படி நின்னுச்சுன்னே தெரியலை" என்றான்.

எனக்கு விரல் வலி மறந்துவிட்டது. அக்காவுக்கு மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன்தான்.

* * *

கஃபே ரேஸர் என்பது என்ன? லண்டனில் 1938-ல் திறந்த ஏஸ் கஃபே என்ற கடை. லாரி டிரைவர்கள் டீ குடிக்க வந்த இடம். 1950-களிலும் 60-களிலும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் அங்கே கூடினார்கள். ஜூக்பாக்ஸில் காசு போட்டுவிட்டு, பாட்டு முடிவதற்குள் ரவுண்டானா வரை போய்த் திரும்பி வருவது போட்டி என்று கதை சொல்வார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தொட்டவன் ஹீரோ. கடை 1969-ல் மூடி, 2001-ல் மறுபடி திறந்தது.

அந்தப் பையன்கள் ஹேண்டிலையும் சீட்டையும் மாற்றினார்கள், வாஸ்தவம். ஆனால் அவர்களில் கெட்டிக்காரர்கள் செய்த காரியம் வேறு. நார்ட்டன் கம்பெனியின் 'ஃபெதர்பெட்' சட்டத்தில் ட்ரயம்ப் எஞ்சினைத் தூக்கி மாட்டினார்கள். அந்தக் கலப்பு மணத்துக்கு 'ட்ரைட்டன்' என்று பெயர். ஃபெதர்பெட் என்றால் இறகு மெத்தை. மெக்கான்ட்லெஸ் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய சட்டம். 1950-ல் பந்தயத்துக்கு வந்தது. வளைவில் சொன்னபடி கேட்கும் என்று பேர் வாங்கியது. முதலில் சட்டம், அப்புறம்தான் அலங்காரம்!

நம் ஊர்க் கதையும் அப்படியே. 1956-லிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த ராயல் என்ஃபீல்ட், 2013-ல் கான்டினென்டல் ஜி.டி. என்று ஒரு கஃபே ரேஸரை இறக்கியது. அதற்குப் பழைய புல்லட்டை எடுத்து சீட்டை மட்டும் வெட்டவில்லை. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சட்ட நிபுணர்களை வைத்துப் புதுச் சட்டமே போட்டார்கள். பிறகு 2015-ல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மாறியது என்னவோ சீட்டும் பெயின்ட்டும்தான்.

* * *

உள்ளூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர். முப்பது வருஷ அனுபவம். வண்டியைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். ஹேண்டிலை ஒற்றை விரலால் மெல்லத் திருப்பினார். நேர்கோட்டுக்கு வந்ததும் 'டொக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது.

"கோன்செட் போச்சு சார். பதினெட்டு வருஷ வண்டி. குண்டு ஓடி ஓடி நடுவுல குழி விழுந்திருக்கு. போர்க்கைப் பிடிச்சு முன்னே பின்னே ஆட்டுங்க, லூஸும் இருக்கு."

பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். ஸ்விங் ஆர்ம் ஆடியது. புஷ் தேய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு நூலை எடுத்துப் பின் டயரோடு ஒட்டி முன் டயர் வரை இழுத்துப் பிடித்தார். ஒரு பக்கம் நூல் தொட்டது. மறு பக்கம் சந்து. இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை. அறுபதாயிரத்தில் சில நூறு ரூபாய்ச் சாமான்களுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு யார் செலவழிப்பார்கள்?

"அது உதறினதுக்குக் காரணம். இனிமே இது ஏன் எருமை மாதிரித் திரும்புதுன்னு சொல்றேன்" என்று பாடம் ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு தானே நேராகும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அதே ஜாதி. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாகத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அந்த இடைவெளிக்கு 'ட்ரெயில்' என்று பெயர். அதிகமாக இருந்தால் நேர் ரோட்டில் அசையாமல் போகும், திரும்ப அடம் பிடிக்கும். குறைந்தால் சுறுசுறுப்பாகத் திரும்பும், கூடவே படபடக்கும். க்ரூஸரில் போர்க் நன்றாகச் சாய்ந்திருப்பதால் ட்ரெயில் ஜாஸ்தி. அதைத் திருப்பத்தான் அகல ஹேண்டில்பார். நீள ஸ்பேனரில் நட்டு சுலபமாகக் கழலும் இல்லையா? பட்டறைக்காரர்கள் நட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்பேனரைக் குட்டையாக்கிவிட்டார்கள்.

"உக்கார்ற விதத்தையும் பாருங்க. கை கீழே, கால் மட்டும் பழைய இடத்துல முன்னாடி. ஆளு கொண்டை ஊசி மாதிரி மடங்கிக் கிடக்கான். பாரமெல்லாம் மணிக்கட்டுல. ஹேண்டிலைப் பிடிச்சுத் தொங்கறவன் எப்படி சார் ஹேண்டிலைத் திருப்புவான்?"

பாய் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். கோன்செட், புஷ் புதுசு. சக்கரங்கள் நூல் பிடித்தபடி நேர். கேபிள்களை வழி மாற்றி, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் ஒடித்து, எஞ்சின் சத்தம் ஏறுகிறதா என்று பார்த்தார். திரும்பும் எல்லையில் ஒரு தடுப்பு. இனி யார் விரலும் நசுங்காது. கைப்பிடிகளைக் கொஞ்சம் உயர்த்தினார். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினார்.

பாரம் முன்னால் வந்துவிட்டதால் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தியது. போர்க் ஸ்பிரிங் மேல் ஒரு துண்டுக் குழாய் வைத்து இறுக்கி, சற்றுக் கெட்டியான ஆயில் ஊற்றினார். போர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டிப் பையனை உட்காரச் சொன்னார். டை நகர்ந்த தூரத்தை அளந்து, மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும்தான் விட்டார். கடைசியாகப் போர்க்கைக் கிளாம்ப்பில் கொஞ்சமே கொஞ்சம் மேலே ஏற்றினார். முன்பக்கம் தாழ்ந்து, சாய்வு குறைந்து, திரும்புவது லேசாகும்.

"இன்னும் ஏத்துங்க பாய்" என்றான் பையன்.

"ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான் தம்பி. ஓட்டிப் பார்த்துட்டு அடுத்தது. ரெண்டு சேர்த்து மாத்தினா எது கெடுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

எனக்குப் பழம்பொருள் கடையில் பார்த்த பர்மா தேக்குத் தூண்கள் ஞாபகம் வந்தன. வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போய் ஹாலில் நிறுத்துகிறார்கள். அழகுதான். தாங்குவதற்கு மேலே ஒன்றுமில்லை, அதனால் ஆபத்தும் இல்லை. ஓடுகிற வண்டியில் ஒரு தூணை நகர்த்தினால் பாரம் முழுக்க இடம் மாறுகிறது.

* * *

பாக்கி இருந்தது அந்தத் திமில். "அது மட்டும் இருக்கட்டும் பாய், அழகே அதுதான்" என்று பையன் கெஞ்சினான்.

பாய் ஆர்.சி.யைக் கேட்டார். இருக்கை: இரண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சொல்லி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருப்பதை நான் எடுத்துவிட்டேன். மாற்றியதையெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிக் கேட்டுவிடுவது என்றும் முடிவாயிற்று. பையன் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவும் அன்னிக்கு அதைத்தானே மாமா கேட்டாங்க" என்றான். திமில் கழன்றது. இரண்டு பேர் உட்காரும் தட்டையான சீட் வந்தது.

குன்றக்குடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஹேண்டில் உதறவில்லை. வளைவில் நினைத்த இடத்துக்குப் போயிற்று. ஒரிஜினல் கஃபே ரேஸர் மாதிரி வளையாதுதான். சட்டம் க்ரூஸர் சட்டம்தானே? ஆனால் வீடு திரும்பும்.

வெள்ளிக்கிழமை அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வண்டி வாசலில் நின்றது. பின் ஷாக் அப்சார்பரை எத்தனை படி இறுக்குவது என்று பாய்க்கு போன் போட்ட பையன், போனைக் கையால் மூடிக்கொண்டு, "அம்மா, ஒன் வெயிட் எவ்வளவு?" என்றான்.

"போடா! உங்கப்பா இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்லை" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்தான் போனபின் அந்த வண்டிப் பக்கத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாய் போனிலேயே ஒரு குத்துமதிப்பாக இரண்டு படி என்றார். சரியாக இருந்ததாம்.

என் கட்டை விரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பையன் அடித்த பெயின்ட்டுக்கு நல்ல மேட்ச்!