கூட்டத்தின் மீது பழி, கல்லாவில் இலாபம்

2025 ஜனவரி 28 அன்று புவனேசுவரத்தில் நடைபெற்ற முதலீட்டாளர் மாநாட்டில், மும்பையிலும் அகமதாபாத்திலும் நடந்த ‘கோல்ட்பிளே’ இசைநிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, ‘கச்சேரிப் பொருளாதாரத்துக்கு’ இந்தியாவில் பெரும் வாய்ப்பு உள்ளது என்று பிரதமர் மோடி பெருமிதம் கொண்டார். அந்தப் பொருளாதாரம் மக்களை எவ்வாறு நடத்தும் என்பதை நாடு அதற்கு முன்பே கண்டுவிட்டது.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் இசைநிகழ்ச்சி நடந்தது. மழையால் ஆகஸ்டு 12இலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. திட்டமிட ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதலாகவே கிடைத்தது. ஆயினும் ஆயிரக்கணக்கில் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். கிழக்குக் கடற்கரைச் சாலை முடங்கியது. நெரிசலில் பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாக முறையிட்டனர்.

மேடையும் ஒளியும் விளம்பரமும் குறைவின்றி அமைந்த இடத்தில் வழியும், வாகன நிறுத்தமும், ஆள் கணக்கும் மட்டும் எப்படிக் குறைந்தன? மேடை வருவாய் தருகிறது. வெளியேறும் வழி செலவு வைக்கிறது. இதுவே அந்தக் குளறுபடியின் கணக்கு.

இலாபநோக்கு இல்லாத இடத்திலும் திட்டமின்மை உயிரைப் பறிக்கும். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விழாவில், இசைநிகழ்ச்சி தொடங்கவிருந்த வேளையில், திறந்தவெளி அரங்கின் செங்குத்தான படிகளில் நெரிசலில் சிக்கி நால்வர் மாண்டனர். இடதுசாரி அரசு ஆண்ட மாநிலம் என்பதற்காக இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. அங்கே வாயிலையும் ஆட்களையும் எண்ணத் தவறினார்கள். வணிகக் கச்சேரியிலோ எண்ணாமல் விடுவதே ஆதாயமாகிறது.

பொதுச்சொத்தும் தப்பவில்லை. 2024 அக்டோபர் 26, 27 நாட்களில் தில்லி ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் தில்ஜித் தோசாஞ்சின் நிகழ்ச்சி முடிந்தபின் ஓடுதளமெங்கும் குப்பை. பயிற்சிக்கு வந்த தடகள வீரர்கள் திகைத்து நின்றனர். வருவாய் தனியாருக்கு, குப்பை மக்களுக்கு.

ஒவ்வொரு முறையும் ‘எதிர்பாராத கூட்டம்’ என்கிறார்கள். ஒவ்வொரு சீட்டையும் கணினி வழியே விற்றவனுக்குக் கூட்டம் எப்படி எதிர்பாராததாகும்?

எனவே, விற்கும் சீட்டுகளின் எண்ணிக்கை அரங்கின் கொள்ளளவோடு ஒப்பிடப்பட்டு, விற்பனைக்கு முன்பே காவல்துறையால் உறுதிசெய்யப்பட வேண்டும். நுழைவழியும் வெளிவழியும் தனித்தனியே இருக்க வேண்டும். இழப்பீட்டுக்கான வைப்புத்தொகை முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். விளையாட்டுத் திடல்களில் வீரர்களின் பயிற்சிக்கே முதல் உரிமை வேண்டும். இவற்றைச் சட்டமாக்காத அரசு, கச்சேரிப் பொருளாதாரம் பேசுவது முதலாளிகளின் கல்லாவுக்குத் தாளம் போடுவதே ஆகும்.