பாறையைக் குடைந்த வீடுகள்

இத்திங்கள் நாம் ஹங்கேரி நாட்டின் வடகிழக்கே உள்ள ஒரு மலைநாட்டுக்குச் செல்வோம். தலைநகர் புடாபெஸ்டிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் எகெர் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அதன் பின்புறம் எழுந்து நிற்பது பியூக் மலைத்தொடர். அச்சொல்லுக்கு ஹங்கேரிய மொழியில் பீச் மரம் என்று பொருள்; மலையில் அம்மரக் காடுகள் மிகுதி. நகரின் முன்புறம், வெயில் படும் சரிவுகளில், திராட்சைத் தோட்டங்கள் வரிசை வரிசையாக விரிந்து கிடக்கின்றன.

பியூக் மலையின் உயரம் பெரிதன்று; மிக உயர்ந்த முகடும் 960 மீட்டரளவே. அதன் சிறப்பெல்லாம் உள்ளே இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சுண்ணாம்புப் பாறையை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகளை அங்கே உண்டாக்கியுள்ளது. மேட்டில் பெய்யும் மழை ஓடையாக ஓடுவதில்லை. வெடிப்புகளில் புகுந்து மறைந்து, அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. சில இடங்களில் ஆழத்துக்குச் சென்று வெந்நீராகவும் திரும்புகிறது. இந்த ஊற்றுநீரையே அப்பகுதி ஊர்கள் குடிக்கின்றன. மண் வடிகட்டாத நீர் ஆதலால் ஆபத்தும் உண்டு. 2006-ஆம் ஆண்டு பெருமழைக்குப் பின் மலையின் கிழக்கே உள்ள மிஷ்கோல்ஸ் நகரில் குடிநீர் மாசுபட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்று நோய்க்கு ஆளாயினர். மலைமீது சிந்தும் அசுத்தம் அடிவார வீட்டின் குவளைக்கு வந்து சேர அதிக நாள் ஆவதில்லை.

மலையின் மேற்கோரத்தில் பேலாபாத்ஃபல்வா என்னும் சிற்றூர். அதற்கு அருகே, பேல்-கோ என்ற செங்குத்தான பாறையின் அடியில், சிஸ்டர்சியன் துறவிகளின் பழைய ஆலயம் தனித்து நிற்கிறது. எகெர் மறைமாவட்டத்தின் ஆயர் கிலித் 1232-ஆம் ஆண்டு அம்மடத்தை நிறுவினார். துறவிகள் 16-ஆம் நூற்றாண்டிலேயே அகன்றுவிட்டனர். மடம் இடிந்து அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆலயமோ பிழைத்துக்கொண்டது. அலங்காரம் ஏதுமற்ற அதன் கற்சுவர்களைக் காண்பதற்கென்றே இவ்வளவு தூரம் வரலாம் என்பேன். தலைநிமிர்ந்து பார்த்தால் மனம் சற்று வருந்தும். 20-ஆம் நூற்றாண்டில் சிமெண்டுக்காகக் கல்லை வெட்டியெடுத்ததால், பேல்-கோவின் உச்சி படிக்கட்டுப் போலச் செதுக்குண்டு கிடக்கிறது. இப்போது அவ்வேலை நின்றுவிட்டது. வெட்டுண்ட வடு மறையவில்லை.

எகெர் நகரின் புகழ் 1552-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவ்வாண்டில் இஷ்த்வான் தோபோ என்னும் தளபதியின் தலைமையில், பெண்டிர் உட்பட ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், தம்மினும் பன்மடங்கு பெரிதான துருக்கியப் படையை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்பினர். 1596-இல் கோட்டை வீழ்ந்தது. 1687 வரை துருக்கியர் ஆட்சி நீடித்தது. அவர்கள் விட்டுச் சென்ற தொழுகைக் கோபுரம் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. அந்த முற்றுகையின்போது வீரர்களின் தாடியில் செந்நிறத் திராட்சை இரசம் வழிந்ததைக் கண்ட துருக்கியர், இவர்கள் காளையின் இரத்தம் பருகுகிறார்கள் என்று அஞ்சி ஓடினராம். ஆகவேதான் எகெரின் சிவப்பு இரசத்துக்குக் 'காளை இரத்தம்' என்று பெயர் என்பர். கதை இனிமையானதே. ஆனால் அக்காலத்தில் அங்கே வெள்ளைத் திராட்சையே பயிராயிற்று. செந்நிற இரசம் செய்யும் முறை பின்னர்த் தெற்கிலிருந்து ஓடிவந்த செர்பியர்களோடு வந்தது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இரசம் என்றால் அதைக் காக்க நிலவறை வேண்டும். எகெரைச் சுற்றிலும் பழங்கால எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையாகக் கிடக்கிறது. கொத்துக் கோடரியாலேயே அதைக் குடையலாம். உள்ளே கோடையிலும் குளிர்ச்சி, பனிக்காலத்திலும் உறைவதில்லை. நகரையடுத்த 'அழகிய மாதின் பள்ளத்தாக்கில்' இத்தகைய அறைகள் தொடராக அமைந்துள்ளன. விருந்தினர் ஒவ்வொரு கதவாகச் சென்று சுவைத்துப் பார்க்கலாம். நகருக்கு அடியிலும் ஆயர் மாளிகையின் நிலவறைகள் நீண்டு செல்கின்றன. குடியானவர் தசமபாகமாகக் கொடுத்த இரசம் அங்கேதான் பீப்பாய்களில் நிறைந்தது.

அதே பாறையில், அதே கருவியால், அக்குடியானவர்களுள் மிக வறியோர் தமக்கு வீடும் குடைந்துகொண்டனர். பியூக் மலையின் தெற்கடிவாரத்துக் கிராமங்களான எகெர்சலோக், சொமோயா, நொஸ்வாய் ஆகியவற்றில் அவற்றைக் காணலாம். நிலமில்லாதவன் மரத்துக்கும் செங்கல்லுக்கும் எங்கே போவான்? கையுழைப்பு ஒன்றே அவனது மூலதனம். முகப்பில் ஒரு கதவு, ஒரு சாளரம். உள்ளே போகப் போக இருள். பாத்திரம் வைக்கப் பாறையிலேயே மாடம். புகை போகப் பாறையின் ஊடே துளை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். குழந்தை பிறந்து குடும்பம் பெருகினால், பின்சுவரை மேலும் குடைந்து இன்னோர் அறை உண்டாக்கினர். கற்கால மனிதர் பியூக் குகைகளில் தங்கியதை 1906-இல் தொடங்கிய செலெதா குகை அகழாய்வு காட்டியபோது, இவ்வூர்களில் மக்கள் பாறைக்குள்ளேயே குடியிருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. உடல்நலத்துக்கு ஒவ்வாதவை என்று அதிகாரிகள் கூறிய பின்னும், வேறு புகலில்லாதோர் நெடுங்காலம் அவற்றிலேயே இருந்தனர்.

எகெர்சலோக்கில் இன்று சில வீடுகள் செப்பனிடப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நொஸ்வாயில் கலைஞர்கள் சில அறைகளைப் பணியிடமாக்கிக்கொண்டனர். ஜூலை வெயிலில் நுழைவோர், என்ன இதமான குளிர்ச்சி என்று வியப்பது இயல்பே. திராட்சை இரசத்துக்கு அந்த ஈரம் நல்லது. அங்கே தவழ்ந்த குழந்தைகளின் நெஞ்சுக்கு அது நல்லதாயிருக்கவில்லை. செல்வோர் முன்வாசலோடு நின்றுவிடாமல், சாளர ஒளி எட்டாத பின்னறை வரை சென்று, கதவைச் சற்று மூடச் சொல்லிப் பார்க்கட்டும்.