கைநாட்டு வசையான கதை

சட்டச் சிந்தனை கிரேக்கரிடம் பிறந்து, உரோமரிடம் வளர்ந்து, ஆங்கிலேயரின் கப்பலேறிச் சிங்கை வந்து சேர்ந்தது என்று நம்பும் கற்றோர் பலர். தமிழருக்கு அறநூல் உண்டு, சட்ட நோக்கு இல்லை என்பது அவர்கள் முடிபு. இதனை மறுக்க ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. தேக்காச் சந்தையில் பேரம் பேசுவோர் வாயில் புழங்கும் 'கை' என்னும் ஓரெழுத்துச் சொல்லே போதும். (தேக்கா என்னும் பெயரோ காலைப் பற்றியது, 'மூங்கிலடி' என்று பொருள்படும் ஹொக்கியன் சொல் அது.)

முதற்கண் கிரேக்கரையே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட், இரும்பு யுகத்து மாந்தரைப் பழிக்குங்கால், கைவலிமையையே நீதியாகக் கொண்டவர் என்பதை ஒரே சொல்லில் அடக்கினார். ஏதென்சு மக்கள் மன்றத்தில் கையுயர்த்தி வாக்களித்தலுக்குக் 'கைநீட்டல்' என்றே பெயர். அடிதடி வழக்கில், 'அநீதிக் கையைத் தொடங்கியவர் யார்' என்பதே வினா. தற்கொலை செய்துகொண்டவனின் கையை உடலினின்று பிரித்துப் புதைக்கும் வழக்கத்தைக் கி.மு. 330இல் ஏஸ்கினீஸ் வழக்குமன்றத்தில் எடுத்துக்காட்டினார். செய்தவன் வேறு, செய்த கை வேறு என்பதுபோல் அக்கை தனியே தண்டம் பெற்றது.

இவற்றை அறிஞர் சட்ட வரலாறு என்று போற்றி ஆராய்கின்றனர். அதே கை தமிழில் வந்தால் மட்டும் கோடிட்ட இடத்தை நிரப்பும் மரபுத்தொடராய்ச் சுருங்கிவிடுவது என்ன நீதி?

தட்டத்தகாத கதவைத் தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான் பொற்கைப் பாண்டியன். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் இதனைக் கூறுகிறது. பழமொழி நானூறும் இதனைச் சுட்டுகிறது. வகுப்பறையில் இது மன்னனின் பெருமைக் கதையாக மட்டும் முடிந்துபோகிறது. அரசன் சட்டத்துக்கு மேலானவனா என்னும் வினாவன்றோ அந்த வெட்டுண்ட கையில் அடங்கியுள்ளது! காவலன் தவறே எண்ணாதிருக்கலாம். கதவுக்குள் இருந்த பெண்ணின் பெயருக்கு அவன் கை ஊறு செய்ததா என்பதே கேள்வி. நோக்கத்தையும் செயலையும் பிரித்தறியும் நுட்பம் அக்கதையில் இருப்பதை மாணவர்க்குக் காட்டுவார் அரியர்.

சொற்களும் அவ்வாறே. பிறர் பொருளையோ பிள்ளையையோ காத்துத் திருப்பித் தருவதாக ஏற்பது கையடை. தசரதன் இராமனை முனிவரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பன் காவியத்தில் 'கையடைப் படலம்' என்றே பெயர். களவுப் பொருளோடு பிடிபடுவது கையும் களவுமாக அகப்படல். சான்று தேடி அலைய வேண்டாத குற்றம் அது. கையையே வாயாக்கி உண்பிப்பது கையூட்டு. சட்ட நூலார் பக்கம் பக்கமாய் விளக்குவனவற்றை இச்சொற்கள் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகின்றன.

ஆயினும் ஆர்வ மிகுதியால் 'கைது'வையும் இப்பட்டியலில் சேர்ப்பாருளர். கையைப் பிடிப்பதால் கைது என்பது பொய்யான வேர்விளக்கம். அச்சொல் அரபு மொழியினின்று உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. மெய்யான செல்வம் உள்ள மொழிக்குப் போலி நகை எதற்கு?

எல்லாவற்றினும் கொடுமை கைநாட்டுக்கு நேர்ந்தது. நாட்டுதல் என்றால் நிலைநிறுத்துதல். எழுத்தறியாதவன் தன் சொல்லைத் தாளில் ஊன்றிய செயல் அது. கல்வெட்டுகளில் எழுத்தறியாதார் இட்ட அடையாளத்துக்குத் 'தற்குறி' என்று பெயர். இன்று இரண்டும் வசை! 1910இல் மலாயாவில் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிமுறையில் கடல் கடந்த தமிழருட் பலர், தாம் படிக்க இயலாத தாளில்தான் குறியிட்டனர். அவர்தம் கொள்ளுப்பேரர் சிராங்கூன் சாலையில் நின்று ஒருவரை ஒருவர் 'கைநாட்டு' என்று ஏசிக்கொள்வது தம் முன்னோரை ஏசுவதாகாதா?

படித்த அரசுகளோ அந்தக் கைநாட்டையே நாடின. 1858இல் வங்கத்தில் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்னும் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதியச் செய்தார். எழுத்தை மறுப்பவன் கையை மறுக்க அஞ்சுவான் என்பது அவர் கணக்கு. கைரேகை இயலின் தொடக்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 2016இல் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடிகளிலும் வெளிநாட்டு வருகையாளரின் பெருவிரல் ரேகையைப் பதியும் முறை வந்தது. பட்டம் பெற்றவரும் அன்று விரலைத்தான் வைத்தார். அவரைத் தற்குறி என்று எவரும் இகழவில்லை.

'கைநாட்டு: படிப்பறிவில்லாதவன்' என்று பொருள் எழுதிக்கொடுக்கும் ஆசிரியர், 'ஒப்பந்தத்தை உறுதிசெய்ய இடும் குறி' என்பதை அதற்கு மேல் வரியில் எழுதட்டும். வசைப்பொருள் வேண்டுமாயின் இரண்டாவதாக வரட்டும்.