முதலாளி கையில் வாசச் சீட்டு

திருத்தணியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் என்ஜினீயரிங் படித்த வாலிபர்களும், நர்சு வேலை கற்ற பெண்களும், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்களும் காலை ரயிலில் பட்டணத்துக்குப் போய் இரவு ரயிலில் திரும்புவது பழைய சங்கதி. இப்பொழுது அவர்கள் பேச்செல்லாம் அமெரிக்காவைப் பற்றியும் ஆஸ்திரேலியாவைப் பற்றியுமே இருந்து வருகின்றது. "கம்பெனியே ஸ்பான்சர் செய்கிறதாம், பிறகு அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடலாமாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், கேட்டவர் வீட்டில் அன்றிரவு தூக்கமில்லை. நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா, தரகரைப் பார்ப்பதா, மலைக்கு வேண்டிக்கொள்வதா என்று யோசனை நடக்கின்றது. ஆகவே இந்த "ஸ்பான்சர்" என்பது என்ன, அதில் யாருடைய கை மேலே இருக்கின்றது, யாருடைய கை கீழே இருக்கின்றது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பிழைப்பைத் தேடி வெளிதேசம் போவதை நாம் குறை கூறுகின்றவர்களல்ல. கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று பயமுறுத்திய சாஸ்திரத்தை என்றைக்கோ குப்பையில் போட்டவர்கள் நாம். அதைப் படித்துக் காட்டினவர்களின் பேரர்களே இன்று விமானத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதலால் போகலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியல்ல. போகின்றவன் மனிதனாகப் போகிறானா அல்லது ஒருவனுடைய உடைமையாகப் போகிறானா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் நடப்பதைப் பாருங்கள். அங்கு உத்தியோகத்தின் பேரால் நிரந்தர வாசம், அதாவது கிரீன் கார்டு, வேண்டுமானால் பெரும்பாலோர் விஷயத்தில் முதலாளிதான் மனுப் போட வேண்டும். "இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை" என்று அவன் விளம்பரம் செய்து பார்த்து, தொழில் இலாகாவிடம் சான்று வாங்க வேண்டும். பிறகு குடியேற்ற இலாகாவுக்கு மனு. அதன் பிறகு தொழிலாளி தன் முறை வரும் வரையில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகர்வதற்குள் அவன் வேறு கம்பெனிக்கு மாறினால், புதிய கம்பெனி அந்தச் சான்றையும் மனுவையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முந்தின மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால் வரிசையில் பழைய தேதி மட்டும் மிஞ்சும். எச்-1பி விசாவில் இருக்கின்றவனை வேலையை விட்டு நீக்கிவிட்டாலோ, வேறு வேலை தேடிக்கொள்ள அவனுக்கு உள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் வீடு, வாகனம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு 186-ஆம் இலக்க விசா என்று பெயர். அங்கும் முதலாளி பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். சாதாரணமாகத் தொழிலாளிக்கு வயது 45-க்குள் இருக்க வேண்டும். முதலில் தற்காலிக விசாவில் போய் ஸ்பான்சரிடம் சில வருஷம் வேலை செய்து, பிறகு நிரந்தரத்துக்கு மாறுவது ஒரு வழி.

இதில் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். "முதலாளி பணம் செலவழிக்கிறான், அவனுக்கு ஆள் வேண்டும், நமக்கு ஊர் வேண்டும், இரண்டு பேருக்கும் லாபந்தானே" என்பார்கள். வளைகுடா தேசங்களைப் பார்த்தவர்கள், "அங்கே இருபது வருஷம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு நிரந்தர வாசம் என்ற பேச்சே இல்லையே, இது எவ்வளவோ மேலல்லவா" என்பார்கள். அதுவும் உண்மையே. கிடைத்தவர்களின் குடும்பங்கள் முன்னுக்கு வந்திருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கிடைக்கும் வரையில் உள்ள காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளம் குறைவு என்று கேட்கப் பயம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய் என்றால் மறுக்கப் பயம். மேலதிகாரி அவமதித்தால் எதிர்த்துப் பேசப் பயம். பக்கத்து மேஜைக்காரன் இராஜிநாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான். இவன் எழுதினால் இவன் குடும்பமே கப்பலேற வேண்டும். ஒரே வேலை செய்கின்ற இருவரில் ஒருவனுக்கு வாய் இருக்கின்றது, மற்றவனுக்கு வாய் இல்லை. இதற்குப் பெயர் ஒப்பந்தமென்றால், சுயமரியாதை என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்த ஏற்பாடு தமிழனுக்குப் புதிதல்ல. நமது பாட்டன் பூட்டன்மார் கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் "துண்டு" என்று ஒரு காகிதம் இருந்தது. கூலிக்காரன் பட்ட கடனை எழுதி, "இதைக் கட்டுகிறவர் இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம்" என்கிற முறையில் தோட்டத்துரை கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அந்த முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்த பிறகாவது அவர்களுக்கு ஊர் கிடைத்ததா? 1948-இல் இலங்கை சுதந்திரமடைந்தவுடன் வந்த பிரஜா உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடுகளைப் பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். மிஞ்சியவர்களின் குறை தீர 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய கூலிக்கும் இன்றைய என்ஜினீயருக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உழைக்கிறவனுடைய வாச உரிமை உழைப்பில் இல்லாமல் வேறொருவனுடைய காகிதத்தில் இருக்கும் வரையில், குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் அவன் நிலைமை அதே ஜாதியைச் சேர்ந்ததுதான்.

நிற்க, இதைவிட வேடிக்கையான விஷயம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் உத்தியோக வகையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,40,000 பேருக்கு, அதிலும் பெண்டு பிள்ளைகளையும் சேர்த்து எண்ணி, நிரந்தர வாசம் தருவதென்று 1990-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்பாடு செய்தது. அதில் எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் சாதாரணமாக நூற்றுக்கு 7-க்கு மேல் போகக்கூடாது. 140 கோடி ஜனங்களுள்ள இந்தியாவுக்கும் அதே 7, சில லட்சம் ஜனங்களுள்ள லக்ஸம்பர்க்குக்கும் அதே 7. இதனால் முதலாளி ஸ்பான்சர் செய்யும் சாதாரண வகுப்புகளில் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருஷத்துக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், சட்டத்தில் சொல்லிய சில கழிவுகள் போக, தகப்பன் வரிசையில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு எடுப்பது பிரஜா உரிமையைப் பார்த்தல்ல, பிறந்த இடத்தைப் பார்த்து என்பதாகும். திருத்தணியில் பிறந்த ஒருவன் ஆஸ்திரேலியப் பிரஜையாகவே ஆகிவிட்டாலும் அமெரிக்க வரிசையில் அவன் இந்தியக் கணக்கில்தான் நிற்க வேண்டும். புருஷனோ பெண்சாதியோ வேறு தேசத்தில் பிறந்திருந்தால் அந்தத் தேசத்துக் கணக்கைக் காட்டித் தப்பலாம். மற்றப்படி படிப்பு, திறமை, நடத்தை எதுவும் பிறப்பை மாற்றாது. அந்தத் தேசத்தில் இது பழைய வழக்கமே. 1917-இல் இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களில் பெரும்பாலோர் குடியேறவே கூடாதென்று சட்டம் செய்தார்கள். 1946-இல் வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாமென்றார்கள். 1965-இல் தேசவாரிப் பங்கீட்டை ஒழித்தோமென்றார்கள். ஆனாலும் பிறப்பைப் பார்க்கும் புத்தி 7 என்ற எண்ணில் ஒளிந்துகொண்டு இருக்கின்றது.

இந்த அநியாயத்தைக் கண்டு நம்மவர்கள் குமுறுகிறார்கள். குமுற வேண்டியதுதான். ஆனால் அதே மனிதர்கள் ஊருக்கு வந்தவுடன், "கிரீன் கார்டு உள்ள, எங்கள் உட்பிரிவைச் சேர்ந்த பெண் தேவை" என்று கல்யாண விளம்பரம் கொடுக்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? பிறந்த தேசத்தைப் பார்த்துத் தன்னைப் பின்னால் நிறுத்துவது அக்கிரமம், பிறந்த ஜாதியைப் பார்த்துத் தான் பிறரைப் பின்னால் நிறுத்துவது ஆசாரமா? இந்த மூட்டையை அங்கும் சுமந்துகொண்டு போனதனால்தானே அமெரிக்காவில் சியாட்டல் நகரசபை 2023 பிப்ரவரியில் ஜாதி பேதம் பார்ப்பதைத் தடுத்துச் சட்டம் செய்ய நேர்ந்தது! பிறப்பின் பேரால் ஏற்பட்ட வரிசையை எதிர்க்க விரும்புகின்றவன் முதலில் தன் வீட்டு வரிசையைக் கலைக்க வேண்டும்.

திருத்தணிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அனுபவமுண்டு. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது நமது ஊர் சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போயிற்று. கிளர்ச்சி செய்ததன் பேரில் 1960 ஏப்ரல் முதல் தேதியன்று இந்தப் பக்கம் வந்தது. ஒரு வீடும் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. அன்று தமிழ் பேசினவனையோ தெலுங்கு பேசினவனையோ, "உனக்கு எந்த முதலாளி ஸ்பான்சர்?" என்று யாராவது கேட்டார்களா? இங்கே வாழ்கிறான், இங்கே உழைக்கிறான் என்பதே போதுமானதாயிருந்தது. ராஜ்ய எல்லை வேறு, தேச எல்லை வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு தேசம் யாரை உள்ளே விடுவது என்று யோசிக்க அதற்கு உரிமையுண்டு. ஆனால் விட்ட பிறகு, வருஷக்கணக்காக வேலையும் வரியும் வாங்கிக்கொண்ட பிறகு, "இருக்கலாமா போகலாமா என்பதை உன் முதலாளியைக் கேள்" என்று சொல்ல எந்த நியாயமுமில்லை.

வேறு வழி இல்லை என்பதும் பொய். கனடாவில் 2015 முதல் வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவைகளுக்கு மார்க்குப் போட்டு, முதலாளி சிபாரிசு இல்லாமலே நிரந்தர வாசம் கொடுத்து வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் 189-ஆம் இலக்கம் அத்தகையதே. ஸ்பான்சர் முறையிலுங்கூட ஆஸ்திரேலிய சர்க்கார் பிடியைத் தளர்த்தியிருக்கிறார்கள். நிரந்தரத்துக்கு மாற மூன்று வருஷம் என்றிருந்ததை 2023 நவம்பரில் இரண்டாக்கினார்கள். வேலையை விட்டவனுக்கு வேறு ஸ்பான்சர் தேட 60 நாள் என்றிருந்ததை 2024 ஜூலையில் 180 நாளாக்கினார்கள். அந்த வருஷம் டிசம்பரிலிருந்து, அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் செய்த வேலையும் இரண்டு வருஷக் கணக்கில் சேருகிறது. தொழிலாளி உழைத்த காலம் தொழிலாளிக்கே சொந்தம் என்ற கொள்கை இதில் கொஞ்சம் தலைகாட்டுகிறது. இதனால் அந்த நாட்டு முதலாளிகள் ஒருவரும் பிச்சைக்காரர்களாகிவிடவில்லை.

இனி நமது மக்களுக்குச் சில வார்த்தை. ஹைதராபாத் பக்கத்தில் சில்கூரில் "விசா பாலாஜி" என்று ஒரு சாமி. 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்வது, கிடைத்தால் வந்து 108 சுற்றுச் சுற்றுவது. சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் "விசா கணபதி" என்று ஒரு சாமி. நமது ஊரிலோ 365 படி தயாராயிருக்கின்றது. இந்தச் சாமிகளுக்கு விசா கொடுக்கும் சக்தி இருந்தால் அந்த 7-ஐ 8 ஆக்க இத்தனை வருஷம் ஏன் முடியவில்லை? அமெரிக்க ராஜாங்க இலாகா மாதந்தோறும் ஒரு தேதிப் பட்டியல் வெளியிடுகிறது. அது சில மாதம் முன்னே போகும், சில மாதம் நிற்கும், சில மாதம் பின்னேயும் போகும். காரணம் எண்ணிக்கையே ஒழிய எவருடைய காவடியுமல்ல. மலை ஏறுகிற நேரத்தில் தனக்குக் கம்பெனி கொடுத்த ஒப்பந்தத்தை ஒருமுறை முழுவதும் படித்தால் அது பிரயோஜனப்படும்.

தரகர்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் அந்தத் தொழில் சான்றுக்கான வக்கீல் கூலியையும் விளம்பரச் செலவையும் முதலாளியே கொடுக்க வேண்டுமென்று 2007-இல் விதி செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் தண்டனைக்குரியவை. நமது தேசத்திலும் 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவன் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவன் வாங்கக்கூடிய கூலிக்கும் வரம்பு உண்டு. ஆகவே "ஸ்பான்சருக்குப் பத்து லட்சம்" என்று ஒருவன் கேட்டால், அவன் விற்பது விசா அல்ல, உங்கள் நிலத்தைத்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். போகிறவர்கள் தங்கள் மனுவின் நகல், அங்கீகாரக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவைகளை முதலாளியின் பெட்டியில் விடாமல் தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள தொழிற்சங்கத்தை விசாரித்துச் சேர வேண்டும்.

வெளியே இருக்கும் தமிழர்களும், அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணிப் பெருமைப்படும் இந்திய சர்க்காரும் கேட்க வேண்டியது மூன்று. குறிப்பிட்ட வருஷம் உழைத்தவன் முதலாளியின் தயவில்லாமல் தானே நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்துகொள்ள உரிமை வேண்டும். கம்பெனி மாறினால் செய்த மனு சாகக்கூடாது. பிறந்த தேசத்தைப் பார்த்து வரிசை வைப்பது ஒழிய வேண்டும். இவற்றைக் கேட்பதற்கு அங்கே வாய் இல்லாதவர்களாக நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதே, இவற்றை நாம் இங்கிருந்து உரக்கக் கேட்க வேண்டியதற்குப் போதுமான காரணமாகும்.