குதிரை ஜெயிக்கும், சித்தப்பா தோப்பார்

"ரேஸு சூதாட்டம் இல்லடா, திறமை. சுப்ரீம் கோர்ட்டே 1996ல சொல்லிடுச்சு." காத்திவாக்கம் டீக்கடைல சித்தப்பாவோட நிரந்தர வசனம் இது. தீர்ப்பு நெசம்தான். வம்சம், ஜாக்கி, சுமக்குற எடைன்னு படிக்க நெறைய இருக்கு.

ஆனா மக்களே, பொட்டி தட்டுறவன் கணக்கையும் கேளுங்க. டோட்ல எல்லார் பணமும் ஒரே உண்டியல்ல விழும். வரி, கமிஷன் எடுத்தது போக மிச்சத்தைத்தான் ஜெயிச்சவங்களுக்குப் பிரிப்பாங்க. நீங்க கண்டுபுடிச்ச குதிரையை ஊரே கண்டுபுடிச்சிருந்தா சில்லறைதான் மிஞ்சும். 2023 அக்டோபர்ல பந்தயத்தொகை முழுசுக்கும் 28% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர்ல 40% ஆயிடுச்சு. அத்தனை பேரும் திறமைசாலின்னாலும், போட்டதை விடக் கம்மியாத்தானே திரும்பி வரும்?

அந்தத் தீர்ப்பு அன்னிக்கு கிண்டி கிளப்பைக் காப்பாத்துச்சு. அடகுக்குப் போன சித்தி வளையல் இன்னும் வரலை. இல்லேங்கறவங்க பின்னூட்டத்துக்குக் கணக்கோட வாங்க.