புத்தகம் மருந்தாகுமா?
இங்கிலாந்தில் 2013 முதல் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் புத்தகங்களையும் பரிந்துரைக்கிறார்கள். பொது நூலகத்தில் இரவல் பெறலாம். அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸின் ‘ஃபீலிங் குட்’ (1980) சிகிச்சையாளர்கள் பலர் படிக்கச் சொல்லும் நூல். நம்மை வாட்டும் எண்ணங்களை எழுதிப் பார்த்துத் திருத்தக் கற்றுத் தருகிறது.

நமக்கு இது புதிதல்ல. ஹிஜ்ரி 322இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த கவலைக்கு நல்ல சிந்தனையும் ஆறுதல் பேச்சும். காரணமே புரியாத சோகத்துக்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்றார்.

நம் வீடுகளிலோ படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளையிடம் “ஈமான் குறைவு” என்கிறோம். ஆலிம்களாகிய நாமே அப்படிச் சொல்லியிருக்கிறோம், தவறுதான். ஒரு பக்கம்கூடப் படிக்க இயலாதவரிடம் புத்தகத்தை நீட்டாதீர்கள். துஆச் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.