மயிலைப் புன்னைதான் அந்த ‘தமானு ஆயில்’!

மந்தைவெளியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் மயிலை கபாலீஸ்வரர் கோயில். அங்கே தல விருட்சம் புன்னை. அந்த மரத்தின் விதை எண்ணெய்தான் ‘தமானு ஆயில்’ என்ற பெயரில் சின்ன பாட்டில்களில் விற்பனைக்கு வருகிறது. ஒரு காலத்தில் நம் ஊரில் விளக்கெரித்த எண்ணெய் இது!

புன்னை விதையை உடைத்த உடனே பிழிய முடியாது. பருப்பை வாரக்கணக்கில் உலர்த்தினால், பழுப்பு நிறமாகி எண்ணெய் ஊறும். பிழிந்த எண்ணெய் பச்சை நிறத்தில், கெட்டியாக, தூக்கலான வாசனையோடு இருக்கும். நிறமும் மணமும் இல்லையென்றால், அது சுத்திகரித்ததாகவோ கலப்படமாகவோ இருக்கலாம்.

ஒலீயிக், லினோலீயிக் கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருப்பதால் வறண்ட குதிகால், முழங்கைக்கு ஏற்றது. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நாலைந்து சொட்டு கலந்தால் போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி, 24 மணி நேரம் பொறுத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். தீக்காயம், ஆறாத புண் என்றால் எண்ணெயை நம்பி நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். இது சாப்பிடும் எண்ணெய் அல்ல. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கோயில் மரத்தடியில் விதை பொறுக்க வேண்டாம். அது கும்பிட மட்டும்!